சமமானவர்கள்தான் சண்டை போட முடியும்

கிறிஸ்டினா லாரன் எழுதிய 'தி அன்ஹனிமூனர்ஸ்' என்ற ஆங்கில நாவல் 2019இல் வந்தது. கிறிஸ்டினா லாரன் என்பது ஒருவரல்ல, இரண்டு தோழிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். கதை இதுதான். ஆலிவ் என்ற பெண்ணின் இரட்டைச் சகோதரிக்குக் கல்யாணம். விருந்தில் வைத்த கடலுணவு கெட்டுப்போய், மணமக்கள் உட்பட மொத்தக் கூட்டமும் வாந்தி பேதியில் சுருண்டுவிடுகிறது. தப்பித்தவர்கள் இரண்டே பேர். ஆலிவுக்குக் கடலுணவு ஒவ்வாமை. மாப்பிள்ளையின் சகோதரன் ஈத்தனுக்கு, ஊரே கரண்டி போட்டு அள்ளும் பஃபே சாப்பாடு என்றாலே அருவருப்பு. இந்த இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. தேனிலவுக்காகப் பரிசாகக் கிடைத்த ஹவாய்ப் பயணமோ வீணாகப் போகிறது. பணம் திரும்ப வராது. ஆகவே, பகைவர்கள் இருவரும் புதுமணத் தம்பதி வேடம் போட்டுக்கொண்டு மாவி தீவுக்குப் போகிறார்கள். அதன்பின் என்ன ஆகும் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் தோழி ஒருத்தி இந்த நாவலைச் சொல்லிவிட்டு, "அக்கா, நாம இதெல்லாம் படிக்கலாமா?" என்று கேட்டாள். படிக்கலாம். சென்னைக்குப் போன ஓர் இரவுப் பேருந்தில் நான் படித்தேன். விராலிமலை தாண்டுவதற்குள் இரண்டு முறை சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மா என்னைப் பார்த்த பார்வையைத் தனியாக எழுத வேண்டும். அம்பேத்கரையும் பெரியாரையும் படிப்பவர்கள் காதல் கதை படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்று நம் பிள்ளைகள் கைபேசியில் தேடித் தேடிப் படிக்கிறார்களே, மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் கதைவகை, அது நம் மண்ணில் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

முதலில் அந்தப் பந்தி.

ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டார்கள், எல்லோருக்கும் வயிற்றால் போயிற்று என்பது அந்த நாவலில் நகைச்சுவை. நம் ஊரில் அந்தக் காட்சியை எழுத உட்கார்ந்தால், எழுத்தாளர் முதல் பத்தியிலேயே திணறிப்போவார். யார் யார் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள்? யார் சமைத்தது? யாருக்கு இலை போட்டார்கள், யாருக்கு வெளியே பொட்டலம் கொடுத்தார்கள்? பொதுப் பந்தியில் சாப்பிட மாட்டேன் என்று ஒருவன் ஒதுங்கி நின்றால், சுத்தம் பார்க்கிற பையன் என்று நாம் நினைக்க மாட்டோம். 1936இல் லாகூர் சாதி ஒழிப்பு மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய உரையில் சேர்ந்துண்பதும் கலந்து மணப்பதும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. சேர்ந்து சாப்பிடுவது மட்டும் சாதியைக் கொல்லாது, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்றார். அழைத்தவர்களே அந்த மாநாட்டைக் கைவிட்டார்கள். உரையை அவர் சொந்தச் செலவில் அச்சிட்டார். பந்தியிலிருந்து மணவறைக்குப் போகும் தூரம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலிவும் ஈத்தனும் அந்தத் தூரத்தை ஒரே விமானத்தில் கடந்துவிடுகிறார்கள்.

கெட்டுப்போன உணவு என்றதும் எனக்கு வேங்கைவயல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் கிடந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் பக்கத்து இறையூரில் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையையும், தலித் மக்களுக்கு மூடிக்கிடந்த அய்யனார் கோயிலையும் கண்டார்கள். மக்களைக் கையோடு கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அந்த ஒரு நாள் மட்டும் செய்தித்தாள்களுக்கு மகிழ்ச்சியான முடிவு கிடைத்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதே தலித் மக்களில் மூன்று பேர்மீதுதான் பாய்ந்தது. தண்ணீர் குடித்தவர்களே தண்ணீரைக் கெடுத்தார்கள் என்றது அரசு. விசிக, சிபிஎம் உள்ளிட்ட கட்சிகள் அதை ஏற்கவில்லை.

நாவலுக்குத் திரும்புகிறேன். அந்தப் பகைக்கான காரணத்தை நாவல் பாதிக்குமேல் அவிழ்க்கிறது. ஈத்தன் தன்னை ஏளனமாகப் பார்த்தான் என்று ஆலிவ் நினைத்திருந்தாள். அவனோ முதல் பார்வையிலேயே அவளை விரும்பியிருக்கிறான். அவன் சகோதரன் டேன்தான், அவள் எப்போதும் எரிந்து விழுகிற பெண், உனக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறான். ஆக, பகைக்கு வேர் ஒரு பொய். பொய் தெரிந்ததும் பகை கழன்றுவிடுகிறது. பிற்பாடு டேன் தன்னிடமே தவறாகப் பேசினான் என்று ஆலிவ் சொல்லும்போது, ஈத்தன் நம்ப மறுக்கிறான். காதலியைவிட ரத்த உறவின் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறான். எனக்கு அந்த நாவலில் நிஜமாக வலித்த இடம் அதுதான். அண்ணன் தம்பி, பங்காளி, ஊர், இனம் என்ற அடுக்கில் ஒரு பெண்ணின் சொல் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று நமக்குத் தெரியும். மாவித் தீவு வரைக்கும் அது போகிறது.

இந்தக் கதைவகையை நேசிக்கிறவர்கள் சொல்வது இது: வெறுப்பு என்பது புரிதலின்மை, நெருங்கிப் பழகினால் போய்விடும். இரண்டு பேர் விஷயத்தில் இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நம் ஊரில் இதே வாக்கியத்தைச் சாதிக்குச் சொல்கிற நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். "ரெண்டு பக்கமும் பேசித் தீத்துக்கலாம்." "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு." சாதி யாரோ சொன்ன ஒரு பொய்யால் வந்த மனத்தாங்கல் இல்லை. அது நிலம், தண்ணீர், கோயில், கூலி ஆகியவற்றைப் பங்கிட்டு வைத்திருக்கும் ஏற்பாடு. குடிநீர்த் தொட்டியில் மலம் விழுந்தது நெருங்கிப் பழகாததால் அல்ல.

2025 மே மாதம் ஆலங்குடி பக்கம் வடகாட்டில் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டித் தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். வீடு எரிந்தது, வண்டிகள் உடைந்தன, பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பெட்ரோல் பங்கில் இளைஞர்களுக்குள் நடந்த தகராறு, சாதிப் பிரச்சினை இல்லை என்று காவல்துறை சொன்னது. செய்திகளில் வந்த சொல் 'இரு தரப்பினரிடையே மோதல்'. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஒருவன் அடித்து இன்னொருவன் அடிவாங்கினால் அதற்குத் தமிழில் தாக்குதல் என்று பெயர் இருக்கிறது. மோதல் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலம். தாக்குதலை மோதல் என்று எழுதும் அந்த ஒரு சொல்லிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

மோதலில் தொடங்கும் காதலும் அப்படித்தான், இரண்டு பேரும் ஒரே தரையில் நின்றால்தான் நடக்கும். ஆலிவ் ஈத்தனைத் திட்டினால் அவன் திருப்பித் திட்டுவான். அவ்வளவுதான். அவளுடைய அப்பாவின் கூலி நிற்காது, அவள் தெருவுக்குத் தண்ணீர் நிற்காது. அவன் அவளைக் கிண்டல் செய்தால் அவள் ஒரு பானத்தை அவன்மீது ஊற்றிவிட்டுக்கூடப் போகலாம், மறுநாள் அவள் வீடு இருக்கும். சண்டை போடும் உரிமை என்பது பெரிய சொத்து. அது இருக்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

தமிழில் இந்த வகைக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையக் கடைகளில் ரமணிசந்திரன் நாவல்களை அடுக்கி வைத்திருந்த காலத்திலிருந்து, இன்று செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் 'ஆன்ட்டி ஹீரோ' கதைகள் வரை, நாயகன் கடுகடுப்பான், நாயகி கண் கலங்குவாள், கட்டாயக் கல்யாணம், பிறகு காதல். இவற்றைப் படிக்கும் பெண்களைக் கேலி செய்யும் ஆண் அறிவுஜீவிகளோடு எனக்கு ஒத்துப்போகாது. வேலை முடித்து, பாத்திரம் கழுவி, பத்து மணிக்குமேல் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு பெண் தனக்காகப் படிக்கிறாள் என்பது சின்ன விஷயமில்லை. என் சிக்கல் வேறு. இந்தக் கதைகளில் பெரும்பாலும் சாதிப் பெயர் வருவதே இல்லை. வராததால் சாதி இல்லை என்று ஆகிவிடாது. நாயகனின் பங்களா, குலதெய்வக் கோயில், அத்தை மகள், 'நம்ம குடும்ப கௌரவம்', இவை எல்லாம் வந்துவிடுகின்றன. இரண்டு குடும்பமும் பரம விரோதிகளாக இருப்பார்கள், கடைசியில் பார்த்தால் பங்காளிகளாக இருப்பார்கள். பகை எவ்வளவு பெரிதானாலும் சாதிக்குள்ளேயே முடியும்படி எல்லை கட்டியாயிற்று. அதைத் தாண்டிய பகைக்கு அங்கே காதலாக மாற அனுமதி இல்லை.

தாண்டியவர்களின் கதை புதுக்கோட்டைக்கே சொந்தமாக ஒன்று உண்டு. அதில் தீவுக்கண்டம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, சாப்பாட்டில் விஷம்கூட இருக்கிறது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியா போனார். மோலி ஃபிங்க் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மெல்போர்னில் பதிவுத் திருமணம். மணப்பெண்ணோடு ஊர் திரும்பினால், பிரிட்டிஷ் அரசு அவரை ராணி என்று ஒப்புக்கொள்ள மறுத்தது. வெள்ளைக்காரப் பெண்ணை இந்தியன் கட்டுவதா என்பது அவர்களின் எரிச்சல். வெள்ளைக்காரிக்குப் பிறக்கும் பிள்ளை அரியணையில் ஏறுவதா என்பது இங்கிருந்தவர்களின் எரிச்சல். ஆளும் இரண்டு தரப்பும் ஒன்றாக நின்ற அபூர்வ இடம் அது. மோலி கர்ப்பமாக இருந்தபோது அவருக்கு அரளி கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். 1916இல் இருவரும் ஊரைவிட்டுப் போனார்கள். சிட்னியில் மகன் பிறந்தான், பெயரிலேயே சிட்னி என்று சேர்த்தார்கள். பிறகு ராஜா ஐரோப்பாவில், பெரும்பாலும் பிரான்சின் கடலோரக் கான் நகரில், வாழ்ந்து 1928இல் இறந்தார். மகனுக்கு அரியணை இல்லை. உறவுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. சொகுசான நாடுகடத்தல்தான், கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கு தெளிவாக இருக்கிறது. அரண்மனை வைத்திருந்தவருக்கே கலந்து மணந்ததற்கு இந்த விலை என்றால், ஒரு குடிசை வைத்திருப்பவருக்கு என்ன விலை?

எனக்கு அந்த ராஜா கதையைவிட இன்னொரு புதுக்கோட்டைக் காதல் பிடிக்கும். 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. அப்பா பிராமணர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த இணைப்புக்காக அப்பாவைக் குடும்பம் ஒதுக்கிவைத்தது. மகள் பையன்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் பிடித்து, மருத்துவம் முடித்து, 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, சாதி கடந்த திருமணம். சம்மதிக்கும் முன்பு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே வரக் கூடாது. ஒப்புக்கொண்ட பிறகுதான் கல்யாணம். எந்த காதல் நாவலிலும் இதைவிட நல்ல வசனம் எனக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் திரையில் 'காதல் மன்னன்' ஆன ஜெமினி கணேசனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

இனி அந்தத் தீவு. ஆலிவும் ஈத்தனும் ஏன் மாவிக்குப் போனதும் மாறுகிறார்கள்? அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்துவிட்டால்தான் கதையில் சிக்கலே. தப்பித்துப் போன இடத்தில்தான் காதலிக்க முடிகிறது. இதைப் படித்தபோது நான் நினைத்தேன், இந்தப் பயணம் தமிழுக்குப் புதிதே இல்லை. இதற்கு நாம் இரண்டாயிரம் ஆண்டுக்குமுன் வைத்த பெயர் உடன்போக்கு. அகப்பாடல்களில் அது வருவது நெய்தலில் அல்ல, பாலையில். கடற்கரையும் குளிர்பானமும் கிடையாது. வெயில், கள்ளி, வழிப்பறி, பின்னால் தேடி வரும் உறவு. இப்போது அதற்கு நம் ஊரில் 'ஓடிப்போறது' என்று பெயர். பேருந்து ஏறி, திருச்சியில் இறங்கி, தெரிந்த தோழர் வீட்டில் இரண்டு நாள், அப்புறம் திருப்பூரோ கோவையோ. கைபேசியை அணைத்து வைக்க வேண்டும். யாரும் தெரியாத ஊர்தான் நம்முடைய மாவி.

சட்டத்தில் வழி இருக்கிறது, அதுவும் பாலைவழிதான். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்ட வேண்டும். தேடி வருகிறவனுக்கு அரசே விலாசம் எழுதிக் கொடுப்பது போல. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்தது. மாலை மாற்றினால், மோதிரம் போட்டால் போதும், புரோகிதர் வேண்டாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணத்தை ஊரறியச் செய்ய வேண்டியதில்லை, உயிருக்கு அஞ்சும் இணையர் ஊரைக் கூட்ட முடியாது என்ற நடைமுறையைப் புரிந்துகொண்டு தீர்ப்பளித்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில், மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் பற்றி மாநிலங்கள் யோசிக்க வேண்டும் என்றது அதே நீதிமன்றம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொறியாளர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெப்பமண்டலத் தீவு என்றதும் விளம்பரம் காட்டுவது ஊஞ்சலும் நீலக்கடலும். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துத் தலித் குடும்பங்களுக்குத் தீவு என்றால் கண்டி, அட்டன், பதுளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் நம் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். லயன் அறையில் ஒரு குடும்பம். 1948இல் குடியுரிமை பறிபோனது, 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். இன்று அதே மலைக்குத் தேனிலவுப் பயணம் விற்கிறார்கள். மாவியும் வேறல்ல. ஹவாய் முடியரசை 1893இல் கவிழ்த்து, 1898இல் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. சீன, ஜப்பானிய, பிலிப்பினோ கூலிகள் கரும்பு வெட்டினார்கள். மாவியின் கடைசிச் சர்க்கரை ஆலை 2016இல்தான் மூடியது. நாவலில் இவர்களில் யாரும் பெரிதாக வருவதில்லை. துவைத்த துண்டு மடித்துக் கட்டிலில் இருக்கும், மடித்தவர் இருக்க மாட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆகவே படிக்காதே என்று சொல்வேன் என எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒரு பெண்ணும் ஒரு பையனும் காதலிக்கிறார்கள், யாரும் சாகவில்லை! நம் பக்கத்துக் காதலுக்கு எழுத்திலும் திரையிலும் கிடைத்ததெல்லாம் தண்டவாளமும் தீயும்தான். பெருமாள்முருகனின் 'பூக்குழி'யைப் படித்து முடித்தவர்களுக்குத் தெரியும். 'பரியேறும் பெருமாள்' கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளுக்கு நடுவே ஒரு பூவை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தது, உயிரோடு விட்டதே பெரிது என்று நாம் மூச்சு விட்டோம். அந்தக் கதைகள் வேண்டும். ஆனால் தலித் பிள்ளைகள் திரையில் காதலிக்கத் தொடங்கியதும், இவனை எப்போது கொல்வார்கள் என்று பார்வையாளர் கைக்கடிகாரம் பார்க்கிற நிலைமை ஒரு வன்முறை. துயரம் மட்டுமே நமக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை ஆகிவிட்டது. 2024இல் 'லப்பர் பந்து' வந்தபோது திரையரங்கில் மக்கள் அப்படி விசிலடித்ததற்குக் கிரிக்கெட் மட்டும் காரணமில்லை. சாதியால் அணியில் இடம் மறுக்கப்பட்டதையும் சொன்னார்கள், மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொண்டதையும் காட்டினார்கள், சிரிக்கவும் விட்டார்கள்.

எனவே தோழிகளுக்கும் தோழர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஒரு லேசான நாவல் எழுதுங்கள். புதுக்கோட்டையில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், குரூப் 2 மாதிரித் தேர்வில் வாரம் மாறி வாரம் முதலிடம் பிடிக்கும் இருவர். வேங்கைவயல் பக்கத்துப் பெண், பொன்னமராவதிப் பையன். மதிப்பெண் ஒன்று கூடிவிட்டால் அவள் மூன்று நாள் அவனைக் கிண்டல் செய்வாள். அவன் அவளது குறிப்பேட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பான். ஒரே கடையில், ஒரே மாதிரி கண்ணாடிக் குவளையில், டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். சாதி கதைக்குள் இருக்கட்டும், மறைக்க வேண்டாம், அவள் அதை நேருக்கு நேர் கேட்கட்டும், அவன் பதில் தெரியாமல் முழிக்கட்டும், வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும். மையத்திலிருந்து எல்லோரையும் முத்துக்குடாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகட்டும். படகில் இடம் போதாமல் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மீமிசலிலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தைத் தவறவிடுவது, அதுதான் அந்த நாவலில் வரும் ஆகப் பெரிய ஆபத்தாக இருக்கட்டும்.

எழுதியவர்கள் அனுப்புங்கள். படித்துவிட்டு மதிப்பெண் போடுகிறேன், நீங்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.